செஸ் போர்டில் சிக்கிய 39 இலக்க எண்... கணக்கு வாத்தியார் லூகாஸின் கதை!

கிளாஸ் போரடிக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஆளுக்கு ஒரு கோடு போட்டு, பெட்டியை மூடினவர் தன் பேரோட முதல் எழுத்தை அதுக்குள்ள எழுதுற விளையாட்டு ஞாபகம் இருக்கா? அதை 1889-ல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். மூணு கம்பி, அளவு குறைஞ்சுக்கிட்டே போற வட்டுகள், பெரிய வட்டு சின்ன வட்டு மேல உட்காரக் கூடாதுங்கிற விதி... கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களை ரிகர்ஷன் பாடத்தில் படுத்தி எடுக்கும் 'டவர் ஆஃப் ஹனோய்'. அதுவும் இவர் கைவண்ணமே. 1, 1, 2, 3, 5, 8 என்று வளரும் எண் வரிசைக்கு ஃபிபொனாச்சி என்ற பெயர் ஊரெல்லாம் பரவக் காரணமும் இவர்தான்.

பெயர், எதுவார் லூகாஸ். 49 வயதில் இறந்துபோனார். அவர் இறந்த விதம் இன்னும் விநோதம், அதற்குப் பிறகு வருவோம். முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727.

மொத்தம் 39 இலக்கம். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் இது மீதியில்லாமல் வகுபடாது. அதாவது பகா எண். இதை லூகாஸ் சொன்னது 1876-ல். கால்குலேட்டர் கிடையாது, கரன்ட் பல்புகூட வீடுகளுக்கு வராத காலம். அதற்கு முந்தைய சாதனை 13 இலக்கம்தான். 13-லிருந்து ஒரே தாவலில் 39! எல்லா எண்ணாலும் வகுத்து வகுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாரா என்றால், இல்லவே இல்லை. ஒரு எண்ணாலும் வகுத்துப் பார்க்காமலேயே அது வகுபடாது என்று காட்டினார். எனக்கு இந்த மனிதரிடம் பிடித்த விஷயமே இதுதான்.

வானத்தைப் பார்த்தவர், பீரங்கி பிடித்தவர்

லூகாஸ் பிறந்தது 1842 ஏப்ரல் 4, வடக்கு பிரான்ஸின் அமியேன் நகரத்தில். பாரிஸில் எக்கோல் நார்மல் சுப்பீரியர் என்ற புகழ்பெற்ற கல்லூரியில் படித்தார். படிப்பு முடிந்ததும் பாரிஸ் வானாய்வுக் கூடத்தில் உதவியாளர் வேலை. அங்கே தலைவர் யார் தெரியுமா? நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று டெலஸ்கோப் வழியாகத் தேடாமல், காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்ன லெ வெரியே. மேதைதான். ஆனால், ஊழியர்கள் எல்லாம் சேர்ந்து புகார் செய்து 1870-ல் பதவியை விட்டே தூக்கப்படும் அளவுக்குக் கடுமையான பாஸ்.

அதே 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. லூகாஸ் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். பிரான்ஸ் தோற்றது. திரும்பி வந்தவருக்கு வானாய்வுக் கூடத்தில் வாழ்க்கை தொடரவில்லை, 1872-ல் மூலான் என்ற ஊரில் பள்ளி வாத்தியார் வேலைக்குப் போனார். போர்க்களம் அவரிடம் விட்டுப்போன ஒரு தடயம் மட்டும் இருக்கு. பீரங்கிக் குண்டுகளைச் சதுர அடித்தளத்தில் பிரமிடு மாதிரி அடுக்கினால், மொத்தக் குண்டுகளையும் ஒரே தட்டையான சதுரமாகவும் பரப்ப முடியுமா என்று 1875-ல் ஒரு கேள்வி போட்டார். ஒரே ஒரு குண்டு என்ற அற்பமான பதிலை விட்டுவிட்டால், 24 அடுக்கு வைக்கும்போது மட்டுமே அது நடக்கும் என்றார். அப்போது 4,900 குண்டுகள், 70-க்கு 70 சதுரம். வேறு விடையே இல்லை என்று முழுசாக நிரூபிக்க 1918 வரை ஆனது.

இனி அந்த ராட்சத எண்ணுக்கு வருவோம்.

2-ஐ 127 தடவை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதுதான் மேலே பார்த்த 39 இலக்கம். இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மெர்சென் 17-ம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த துறவி. 2-ஐ எத்தனை தடவை பெருக்கி 1 கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று 1644-ல் ஒரு பட்டியல் போட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அதற்குமேல் விளக்கம் எதுவும் தரவில்லை. பட்டியலில் 31 இருக்கு பாருங்க, அதைச் சரி என்று 1772-ல் காட்டியவர் ஆய்லர். அந்த எண் 2,147,483,647. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? 2014-ல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு யூடியூபின் வியூஸ் கவுன்டரைத் திணறவைத்ததே, அந்த கவுன்டரின் உச்ச வரம்பு இதுதான்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 11 பகா எண்தான். ஆனால் 2-ஐ 11 தடவை பெருக்கி 1 கழித்தால் 2047. அது 23 பெருக்கல் 89. ஆக ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். மெர்சென் பட்டியலில் 31-க்கு அடுத்து நின்றது 67. அதையும் தாண்டி 127.

வழக்கமான வழியில் சோதிக்கணும்னா, எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள எண்களால் வகுத்துப் பார்க்கணும். 39 இலக்க எண்ணுக்கு அந்த வர்க்கமூலமே 1.3 லட்சம் கோடி கோடி. நொடிக்கு ஒரு வகுத்தல் போட்டால் 41,000 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயசே 1,400 கோடி ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு. லூகாஸ் அந்தப் பக்கமே போகவில்லை.

போனை எடுங்க, நீங்களே போட்டுப் பாருங்க

அவர் கண் போனது ஃபிபொனாச்சி வரிசை மேல். அதே விதியில், ஆனால் 2, 1 என்று தொடங்கினால் 2, 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்று போகும். இன்று இதற்கு லூகாஸ் எண்கள் என்றே பெயர். இதில் 3, 7, 47 ஆகிய மூன்றையும் கவனியுங்கள். 3-ன் வர்க்கம் 9, அதில் 2 போனால் 7. 7-ன் வர்க்கம் 49, அதில் 2 போனால் 47. அடுத்து 47-க்கு இதையே செய்தால் 2207, அதுவும் அதே வரிசையில் இருக்கும். வர்க்கம் எடு, 2 கழி. இவ்வளவுதான் விதி.

சின்ன எண்ணில் பார்ப்போம். 2-ஐ 7 தடவை பெருக்கி 1 கழித்தால் 127. இது பகா எண்ணா? 3-ல் தொடங்குங்கள். 7, 47, 2207. எண் 127-ஐத் தாண்டினால் 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2207-க்கு மீதி 48. 48-ன் வர்க்கத்தில் 2 போனால் 2302, மீதி 16. 16-ன் வர்க்கத்தில் 2 போனால் 254. அது 127-ன் இரண்டு மடங்கு, மீதி பூஜ்யம்! 7-ஐவிட இரண்டு குறைவாக, சரியாக ஐந்தாவது படியில் பூஜ்யம் விழுந்தால் அது பகா எண். அதே சோதனையை 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது படியில் 1034 மிச்சம் நிற்கும், பூஜ்யம் வராது. 23-ம் 89-ம் கண்ணில் படாமலேயே 2047 உடையக்கூடிய எண் என்று தெரிந்துவிட்டது. (எல்லா அடுக்குக்கும் 3-ல் தொடங்க முடியாது. 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரும் 7, 11, 67, 127 போன்றவற்றுக்குத்தான். அந்தச் சிக்கலைப் பின்னாடி இன்னொருத்தர் தீர்த்தார்.)

127 தடவை பெருக்கிய எண்ணுக்கு 125 படிகள். 41,000 கோடி ஆண்டு எங்கே, 125 படி எங்கே! ஆனால், ஒவ்வொரு படியிலும் 39 இலக்கம் வரை போகும் ஓர் எண்ணை வர்க்கமாக்கி, மறுபடியும் 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். ஒரே ஒரு இலக்கம் தப்பினால்கூட அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் குப்பை.

இங்கேதான் விளையாட்டுப் பிள்ளை வெளியே வருகிறார். 4567-ஐ 99-ஆல் வகுத்தால் மீதி என்ன? வகுக்க வேண்டாம். 45, 67 என்று வெட்டிக் கூட்டுங்கள், 112. மறுபடி 1, 12 என்று வெட்டிக் கூட்டுங்கள், 13. அதுதான் மீதி. 99 என்பது 100-க்கு ஒன்று குறைவு என்பதால் இந்த வித்தை நடக்கிறது. மெர்சென் எண்ணும் அதே ஜாதி, 2-ன் அடுக்குக்கு ஒன்று குறைவு. அதனால் எண்களை 0, 1 மட்டுமே கொண்ட பைனரியில் எழுதிவிட்டால், எல்லை தாண்டும் பகுதியை வெட்டி முன்னால் கொண்டுவந்து கூட்டினாலே போதும். வகுத்தலே தேவையில்லை. இதை லூகாஸ் 127-க்கு 127 கட்டம் உள்ள செஸ் போர்டு ஆட்டமாகவே விவரித்தார். கட்டத்தில் காய் இருந்தால் 1, காலியாக இருந்தால் 0. ஒரே நெடுவரிசையில் இரண்டு காய் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு, பக்கத்து வரிசையில் ஒன்று. கடைசி வரிசையைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு முதல் வரிசைக்கு. கடைசியில் பூஜ்யம். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஒரு பள்ளி வாத்தியார் மரக் காய்களை வைத்து பைனரி கணக்குப் போடும் வழியைச் சொல்லியிருக்கிறார்!

67 என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? அது பகா எண் இல்லை, மெர்சென் சொன்னது தப்பு என்று அதே 1876-ல் லூகாஸ் அறிவித்தார். ஆனால், அந்த 21 இலக்க எண் எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பாத்திரம் விரிசல் விட்டிருக்கு, ஆனா விரிசல் எங்கேன்னு தெரியாது என்கிற மாதிரி. 27 வருடம் கழித்து, 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் என்ற பேராசிரியர் அந்த விரிசலைக் காட்டினார்: 193,707,721 பெருக்கல் 761,838,257,287. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அவர் போய் உட்கார்ந்ததாகவும், அரங்கமே கைதட்டியதாகவும் சொல்வார்கள்.

லூகாஸுக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்த மாதிரி தெரியவில்லை. 1878-ல் அமெரிக்காவில் அப்போதுதான் தொடங்கியிருந்த கணித இதழின் முதல் தொகுதியிலேயே அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. இன்றைக்கும் எண்கணித ஆட்கள் புரட்டும் கட்டுரை. ஆனால் பல்கலைக்கழகப் பதவி எதுவும் வரவில்லை. மூலானிலிருந்து பாரிஸுக்கு மாறி ஷார்ல்மான், செயின்ட் லூயி பள்ளிகளில் கடைசிவரை கணக்கு வாத்தியார்தான். அவர் பக்கமும் குறை இருந்தது. அவசரக்காரர். விடையை அறிவிப்பார், நிரூபணத்தைப் பாதியில் விடுவார். சில இடங்களில் ஓட்டைகளும் இருந்தன. அதையெல்லாம் அடைத்து, 4-ல் தொடங்கினால் 2-க்கு மேற்பட்ட எல்லாப் பகா அடுக்குக்கும் சோதனை செல்லும் என்று 1930-ல் ஒழுங்குபடுத்தியவர் அமெரிக்கர் லேமர். அதனால்தான் இன்று அதன் பெயர் லூகாஸ்-லேமர் சோதனை.

1883-ல் ஒரு பெட்டி பாரிஸ் கடைகளுக்கு வந்தது. உள்ளே எட்டு வட்டுகள் கொண்ட கோபுரம். தயாரித்தவர் சயாமைச் சேர்ந்த பேராசிரியர் கிளாஸ், லி-சூ-ஸ்டியன் கல்லூரி என்று மேலே போட்டிருந்தது. அப்படி ஒரு ஆளும் இல்லை, கல்லூரியும் இல்லை. பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அது அமியேன் ஊர் லூகாஸ், செயின்ட் லூயி பள்ளி! காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகளைப் பூசாரிகள் ராப்பகலாக நகர்த்துகிறார்கள், முடித்தால் உலகம் அழியும் என்று ஒரு கதையும் பொம்மையோடு சேர்ந்து பரவியது. காசிக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்கள் யாரும் இப்படி ஒரு கோபுரத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சரக்கு விற்க ஜோடித்த கதை.

ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கு ஜோடனை இல்லை. ஒரு வட்டு என்றால் ஒரு நகர்த்தல். இரண்டு என்றால் 3. மூன்று என்றால் 7. எட்டு வட்டுக்கு 255. ஒவ்வொரு தடவையும் 2-ஐ அத்தனை தடவை பெருக்கி 1 கழித்தால் வருகிற எண். மெர்சென் எண்ணேதான்! 64 வட்டுக்கு, நொடிக்கு ஒன்று நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். 127 வட்டு வைத்தால் எத்தனை நகர்த்தல் என்று உங்களுக்கே தெரியும். லூகாஸ் சோதித்த அதே 39 இலக்க எண். பகலில் பள்ளி, ராத்திரியில் எண்கள், நடுவில் பொம்மை என்று மூன்று வாழ்க்கை வாழ்ந்ததாகத் தெரிந்தாலும் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றேதான்.

ஹென்ரி ஜெனாய் என்ற ரயில்வே இன்ஜினீயரோடு சேர்ந்து பெருக்கல் குச்சிகளையும் பிரபலப்படுத்தினார். குச்சிகளை அடுக்கினால் கோடுகளே விடையைக் காட்டும். நாலு தொகுதிகளாக கணித விளையாட்டுப் புத்தகம் எழுதினார், கடைசித் தொகுதிகள் அவர் இறந்த பிறகே அச்சாயின. 1891-ல் எண்களின் கோட்பாடு பற்றிய பெரிய புத்தகத்தின் முதல் தொகுதி வந்தது. அடுத்த தொகுதி வரவே இல்லை.

காரணம், அதே வருடம் மார்செய் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டு விருந்து. பரிமாறியவர் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்து உடைந்தது. ஒரு சில்லு தெறித்து லூகாஸின் கன்னத்தைக் கிழித்தது. காயம் என்னவோ சின்னதுதான். சில நாள்களில் அது தொற்றாகி, காய்ச்சலாகி, அக்டோபர் 3-ம் தேதி ஆளையே கொண்டுபோய்விட்டது. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928-ல். இன்று என்றால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு முடிந்திருக்கும்.

அதற்கப்புறம்...

125 படிகளில் எங்காவது அவர் சறுக்கியிருந்தால்? அந்தச் சந்தேகம் அவர் காலத்திலிருந்தே இருந்தது. 1914-ல் ஃபோகம்பெர்க் என்ற பிரெஞ்சுக்காரர் முழுக் கணக்கையும் பைனரியில் மறுபடி போட்டார். விடை பூஜ்யம். லூகாஸ் சொன்னது சரி. மெர்சென் பட்டியல்தான் பாவம். 67-ம் 257-ம் தப்பு, 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிருந்தன.

39 இலக்கச் சாதனையை 1951 வரை யாரும் தொடவில்லை. 75 வருடம்! அந்த வருடம் மேசைக் கால்குலேட்டரால் ஒருவர் 44 இலக்கம் தொட, உடனே கேம்ப்ரிட்ஜின் எட்சாக் கம்ப்யூட்டர் 79 இலக்கத்துக்குத் தாவியது. அந்த 79 இலக்க எண்ணைச் செய்ததே லூகாஸின் எண்ணை வைத்துத்தான். அதை வர்க்கமாக்கி, 180-ஆல் பெருக்கி, 1 கூட்டினார்கள். வெறும் கையால் நிரூபிக்கப்பட்ட பகா எண்களில் லூகாஸுடையதுதான் இன்றும் பெரியது, இனி யாரும் முறியடிக்க முயலப் போவதில்லை என்றே நினைக்கிறேன்.

2024 அக்டோபரில் புதுச் சாதனை அறிவிக்கப்பட்டது. 2-ஐ 136,279,841 தடவை பெருக்கி 1 கழித்த எண், 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் கம்ப்யூட்டர்களை இணைத்துத் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில், கிராஃபிக்ஸ் சிப்புகளை வைத்துப் பிடித்தது. பிடித்ததை உறுதிசெய்ய கடைசியில் ஓட்டியது எதை? வர்க்கம் எடு, 2 கழி. அதையேதான்.

லூகாஸின் எண்ணும் ரிட்டயர் ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஃபோர்க்யூ என்ற ரகசியக் குறியீட்டு முறை இந்த 39 இலக்க எண்ணின் மேல்தான் கட்டப்பட்டது. எல்லை தாண்டியதை வெட்டி முன்னால் கூட்டும் அதே செஸ் போர்டு வித்தையால் கணக்கு படுவேகமாக ஓடும் என்பது இதைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருக்கு. 2-ஐ 2 தடவை பெருக்கி 1 கழித்தால் 3. 3 தடவை என்றால் 7. 7 தடவை என்றால் 127. 127 தடவை என்றால் லூகாஸின் எண். நாலுமே பகா எண்கள். இந்தச் சங்கிலியை, லூகாஸ் அறிவித்த அதே 1876-ல் கவனித்துச் சொன்னவர் கத்தலான் என்ற கணித மேதை. அப்போ ஐந்தாவது? 2-ஐ லூகாஸின் எண் எத்தனையோ அத்தனை தடவை பெருக்கி 1 கழிக்க வேண்டும். அந்த எண்ணில் எத்தனை இலக்கம் என்று எழுதவே 38 இலக்கம் வேணும். லூகாஸின் சோதனையைப் போட்டாலும் படிகளின் எண்ணிக்கை மேலே பார்த்த அதே 39 இலக்கம். சின்னச் சின்ன காரணிகளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள், எதுவும் சிக்கவில்லை. அது பகா எண்ணா, இல்லையா என்பது இந்த நிமிடம் வரை உலகத்தில் யாருக்கும் தெரியாது.